நிலத்துக்குள் போன தண்ணீர்

மிசிசாகாவில் நான் வேலை செய்த அலுவலகத்தை மூடியபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். வேறு வேலை கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருக்க மனம் வரவில்லை. கணவரின் பிக்கப் வண்டியில் ஏறி அவரோடு வேலைக்குப் போகத் தொடங்கினேன். அவர் தண்ணீர்க் குழாய் பதிக்கிறவர். அஜக்ஸ் பக்கத்துப் புது வீடுகளில், புல்லுக்கு அடியில் குழாய் ஓடி, காலையில் தானாகவே தண்ணீர் தூவிவிட்டு நிற்குமே, அந்த வேலை. அவர் மண்ணை வெட்டுவார். நான் குழாயைப் பிடித்துக்கொள்வேன், மூட்டுகளில் வளையம் போட்டு இறுக்குவேன், வெட்டிய புல்லைப் பழையபடி மூடி மிதிப்பேன். கணினிக்கு முன்னால் இருந்து கூனிப்போன முதுகு அந்த வேலையில் கொஞ்சம் நிமிர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஜூன் மாதம் எங்களுக்கு வந்தது புல்தரை வேலை இல்லை. ஆப்பிள் தோட்டம். கேட்டவர் நானா.

நானா என்றால் அண்ணன். இலங்கையில் புத்தளத்துப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில், ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு. அவருடைய தம்பிமார் கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் நானா என்றே கூப்பிடப் பழகிவிட்டோம். அவர் மனைவி எங்களுக்கு அக்கா. நானா எலெக்ரீசியனாக வேலை செய்து, உயர்ந்த கட்டடங்களில் கம்பி இழுத்து இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொண்டவர். பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போனதும் ரொறன்ரோ வீட்டை விற்றுவிட்டு, நகரம் முடிந்து சோளக் காணிகள் தொடங்கும் இடத்தில், வடகிழக்காக, ஒரு துண்டு நிலமும் சின்ன வீடும் வாங்கினார். அந்த வசந்தத்தில் அங்கே ஆப்பிள் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டிருந்தார்.

“தம்பி, மழையக் காணம்,” என்று கணவருக்குப் போன் எடுத்தார். “கண்டெல்லாம் இப்பதான் வேர் புடிக்கிது. வெயில் ஏறுறதுக்கு முந்தி தண்ணி வேணும். நீங்க வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தோம். வீட்டுக்குப் பின்னால் நிலம் மெல்லச் சரிந்து ஒரு குளத்தில் போய் முடிந்தது. கன்றுகள் என்று சொன்னாலும் தூரத்தில் பார்த்தால் குச்சிகள்தான். வரிசைக்கு வரிசை மரக்கட்டைகள் நட்டு, கட்டைக்குக் கட்டை கம்பி இழுத்து, கன்றுகளை அதில் கட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் கடைக்காரர் கட்டிவிட்ட சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வேலைத் திட்டம் இலகுவானது. குளத்தடியில் பம்பு. அங்கிருந்து நிலத்துக்கு அடியால் ஒரு பெரிய குழாய் தோட்டத்தின் நடுவால் மேலே ஏறும். அதிலிருந்து வரிசைக்கு ஒன்றாகச் சின்னக் குழாய்கள் பிரிந்து, கம்பியோடு கட்டப்பட்டு, ஒவ்வொரு கன்றின் அடியிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும்.

நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கன்றுகள் வேறு மாதிரி இருந்தன. மற்றவை இரண்டு மூன்று இலையோடு தடுமாறிக்கொண்டிருக்க, அங்கே நின்றவை கரும்பச்சையாக, கைநீட்டிக்கொண்டு வளர்ந்திருந்தன.

“அது என்ன உரம் போட்டனீங்கள்?” என்று கணவர் கேட்டார்.

“ஒண்டுமே போடல்ல. அந்த இடத்துல லைலாக் பூமரம் பத்தையா இருந்திச்சு. வெட்டிச் சாய்ச்சிட்டுத்தான் நட்டன். மண் கருப்பு. நல்ல மண்.” நானா சிரித்தார். “கட்டை அடிக்கக்குள்ளயும் அப்படித்தான். மத்தக் கட்டையெல்லாம் கல்லுல முட்டி உசிரை வாங்கிச்சு. அங்க நட்ட ஒரு கட்டை ரெண்டே தட்டுல இறங்கிட்டு.”

அவர் அதைச் சந்தோசமாகச் சொன்னார். நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டோம்.

வாய்க்கால் வெட்டுகிற இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்தோம். அடுப்பளவு பெரிய இயந்திரம், சங்கிலிப் பற்களால் மண்ணைக் கடித்துக்கொண்டு பின்பக்கமாக நகரும். குளத்தடியிலிருந்து மேலே ஏறும் வரைக்கும் களிமண்ணும் கல்லும்தான். கணவரின் கைகள் அதிர்ந்து அதிர்ந்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கரண்டி பிடிக்க முடியாமல் நடுங்கின. நடுவில் கறுப்பு மண்ணுக்கு வந்ததும் இயந்திரம் திடீரென்று அமைதியாகிவிட்டது. பற்கள் எதிலும் முட்டவில்லை. மண்ணோடு மண்ணாக வேறு சில பொருட்கள் வெளியே வரத் தொடங்கின. நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டுகள். ஒரு கரண்டி. கரிந்துபோன மரத்துண்டு. மூடி இல்லாத மருந்துப் போத்தல் ஒன்று, உடையாமலே.

அக்கா அவற்றைக் கழுவிச் சமையலறை யன்னல் விளிம்பில் அடுக்கினாள். “யாரோ சாப்பிட்ட கோப்பை,” என்றாள். பிறகு, “இதெல்லாம் ஏன் இஞ்ச வந்திச்சு?” என்று என்னைக் கேட்டாள்.

பதில் அன்று பின்னேரம் வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சோளம் போடுகிற ஒரு வயதான வெள்ளைக்கார விவசாயி தன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். வணக்கம் சொல்லிவிட்டு வாய்க்காலின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, நடுவாலேயா குழாயைக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். ஓம் என்று கணவர் சொன்னார். முந்தி அந்த இடத்தில் ஒரு வீடு இருந்தது, தன் அப்பா இளமையாக இருந்தபோது எரிந்துபோனது, அந்தக் குடும்பம் திரும்பி வரவே இல்லை என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. ஆனால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

“எரிஞ்ச வீட்டுக்கு மேலயா மரம் நட்டிருக்கன்,” என்று நானா மெதுவாகச் சொன்னார்.

குழாயைப் பதித்து, மூட்டுகளை இறுக்கி, மண்ணை மூடினோம். சின்னக் குழாய்களைக் கம்பியோடு கட்டும் வேலை என்னுடையது. முழங்கால் உயரத்தில் ஓடிய கம்பியில் குனிந்து குனிந்து கட்டிக்கொண்டே வரிசை வரிசையாகப் போனேன். நடு வரிசைகளுக்கு வந்தபோதெல்லாம் காலுக்கடியில் நிலம் பஞ்சு மாதிரி இருந்தது. புதிதாக உழுத மண் என்று நினைத்துக்கொண்டேன்.

பம்பைப் போட்டுப் பார்க்கிற நாள் வந்தது. அப்படியான நாள் எங்கள் தொழிலில் சின்னக் கொண்டாட்டம். குழாயில் தண்ணீர் ஏறும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்று வெளியேறும், அழுத்தம் காட்டும் முள் மேலே போகும், பிறகு ஒரு இடத்தில் நிற்கும். அது நின்றால் வேலை முடிந்தது. அக்கா தேநீரும், இனிப்புக்கு வட்டிலப்பமும் கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்திருந்தாள்.

முள் ஏறியது. நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

“எங்கயோ லீக்,” என்றார் கணவர். “நடந்து பாப்பம். ஈரமாக் கிடக்கிற இடத்தில வெட்டினால் சரி.”

நாங்கள் மூவரும் குழாய் போன வழியில் மேலே நடந்தோம். எங்கேயும் ஈரம் இல்லை. மண் புழுதியாகவே இருந்தது. திரும்பிக் கீழே வந்தோம். முள் இன்னும் இறங்கியிருந்தது. கணவர் பம்பின் வேகத்தைக் கூட்டினார். குளத்தின் தண்ணீர் குழாய்க்குள் போவது கண்ணுக்குத் தெரிந்தது. கரையோரத்தில் தண்ணீர் இறங்கிய ஈர விளிம்பு ஒன்று தெரியத் தொடங்கியிருந்தது. அவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, ஒரு கையளவு தண்ணீர்கூட வெளியே வரவில்லை.

“தண்ணி எங்க போகுது?” என்று நானா கேட்டார். முதல் தடவை கேட்டபோது பகிடியாகக் கேட்டார். இரண்டாம் தடவை கேட்டபோது குரலில் பகிடி இல்லை.

நான் தனியே மறுபடியும் மேலே போனேன். கரும்பச்சைக் கன்றுகள் நின்ற இடத்தில், அந்த இலகுவாக இறங்கிய கட்டைக்குப் பக்கத்தில், நின்றேன். சோளக் காணியில் காற்று நின்றிருந்தது. அப்போது கேட்டது. பக்கத்து அறையில் யாரோ பெரிய வாளிக்குள் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் விழுகிற சத்தம். ஆனால் அது உயரத்திலிருந்து விழுந்தது. விழுந்த இடத்தில் எதிரொலித்தது.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து காது கொடுத்தார்.

“உது பம்பின்ர சத்தம்.”

“பம்பு கீழ குளத்தடியில நிக்குது. இது என்ர காலுக்குக் கீழ கேக்குது.”

“குழாய்க்குள்ளால சத்தம் வரும். பயப்பிடாதையும்.”

“பம்பை நிப்பாட்டிப் போட்டு வாங்கோ,” என்றேன்.

அவர் இறங்கிப்போய் நிறுத்தினார். பம்பின் இரைச்சல் அடங்கியது. சத்தம் நிற்கவில்லை. குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் எல்லாம் என் காலுக்கடியில் எங்கேயோ விழுந்து முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. மெதுவாகி, துளி துளியாகி, பிறகு நின்றது. ஏனென்று தெரியாமல் நான் சப்பாத்து நுனியில் நடந்து அந்த இடத்தை விட்டு வெளியே வந்தேன். மனிதர் தூங்கும் அறையைக் கடப்பதுபோல.

வட்டிலப்பம் தொடாமலே இருந்தது. காலையில் வந்து அந்த இடத்தில் வெட்டிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. வீடு திரும்பும்போது நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். கணவர், தான் இறுக்கிய மூட்டு ஒன்று கழன்றிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எந்த மூட்டு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எனக்கு மூட்டைப் பற்றிக் கவலை இல்லை. தண்ணீர் விழுவதற்கு அங்கே இடம் எப்படி வந்தது என்பதே என் மனதில் ஓடியது.

காலையில் நாங்கள் போய் இறங்கும்போது நானா தோட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையசைத்தார்.

“தம்பி, இதை வந்து பாருங்க. இந்தக் கண்டு குட்டையாயிட்டு.”

ஆப்பிள் கன்று என்பது ஒரு வேரும் அதில் ஒட்டிய வேறொரு மரமும். ஒட்டிய இடத்தில் முழங்கைபோல ஒரு முடிச்சு இருக்கும். அது எப்போதும் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும் என்று நானா எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அந்தக் கன்றில் முடிச்சைக் காணவில்லை. அது மண்ணுக்குள் போயிருந்தது. இலைகள் வாடவில்லை, தண்டு முறியவில்லை. நேற்று என் இடுப்பளவு நின்ற கன்று இன்று தொடையளவு நின்றது. அவ்வளவுதான்.

கணவர் வண்டிப் பக்கம் நின்றபடியே சத்தமாகச் சொன்னார். “நானா, அதில நிக்காதேங்கோ. இஞ்சால வாங்கோ.”

“ஒரு நிமிசம். இதைத் தூக்கி விட்டிட்டு வாறன். முடிச்சு மண்ணுக்குள்ள கிடந்தா அழுகிரும்.”

அவர் குனிந்து இரண்டு கையாலும் கன்றைப் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் எதுவும் இல்லை என்பதே இன்றுவரை என்னால் மறக்க முடியாதது. இடிந்து விழுவதென்றால் இரைச்சல் இருக்கும் என்று நாம் நினைப்போம். அவரைச் சுற்றியிருந்த மண் ஒரு துணியை நடுவில் பிடித்து இழுத்த மாதிரி உள்ளே போனது. கன்று போனது. அவருடைய கால்கள் போயின, இடுப்பு போனது. அந்தக் கட்டை சரிந்து கம்பி தாழ்ந்தது. தாழ்ந்த கம்பியில் அவருடைய ஒரு கை மாட்டிப் பிடித்துக்கொண்டது. நெஞ்சுக்கு மேலே மட்டும் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கீழே, ஆழத்தில், மண் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

கணவர் ஓடினார். நான் அவருடைய சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன். “கிட்டப் போகாதேங்கோ, நீங்களும் போயிடுவியள். ஏணி, ஏணி.”

வண்டிக் கூரையில் அலுமினிய ஏணி இருந்தது. அதை இறக்கிக் குழிக்குக் குறுக்கே தரையில் படுக்கப்போட்டுத் தள்ளினோம். அவர் ஏணியின் மேல் வயிற்றால் ஊர்ந்து போனார். பாரம் பரவினால் நிலம் தாங்கும் என்று அவர் பிறகு சொன்னார். அந்த நேரம் யோசித்துச் செய்தாரோ என்னவோ. நான் அவசர உதவிக்கு ஒன்பது ஒன்று ஒன்றை அழைத்தேன். வீட்டு இலக்கம் கேட்டார்கள். எனக்கு அது தெரியாது. ரோட்டோரத்தில் நட்டிருந்த இலக்கப் பலகையைப் பார்க்க ஓடினேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது அக்கா வாசலால் இறங்கித் தோட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பாதி வழியில் கட்டிப்பிடித்தேன். என்னைவிடப் பருத்தவள். திமிறினாள். “விடுங்க, அவரு அங்க,” என்றாள். “அக்கா, நீங்கள் கிட்டப் போனால் மண் இன்னும் விழும்,” என்றேன். அதைக் கேட்டதும் நின்றுவிட்டாள். அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள். உட்காரும் முன் கையால் நிலத்தைத் தட்டிப் பார்த்தாள். அன்று தொடங்கிய அந்தப் பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

கணவர் நானாவின் மற்றக் கையைப் பிடித்துவிட்டார். இழுக்க முடியவில்லை. இழுத்தால் விளிம்பு உடைந்தது. பிடித்துக்கொண்டே இருந்தார். கம்பி நானாவின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. ரத்தம் முழங்கைவரை வழிந்தது. அவர் சத்தமே போடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை, “தம்பி, காலுக்குக் கீழ ஒண்டுமே இல்ல,” என்றார். “குளிர்காத்து வருது.”

“கதையாதேங்கோ நானா. பிடிச்சுக்கொண்டு இருங்கோ.”

“கை விறைச்சிட்டு.”

“நான் விடமாட்டன்.”

தீயணைப்புப் படையினர் வரும்வரை எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. வந்தவர்கள் அகலப் பலகைகளைப் பரப்பி, மார்பைச் சுற்றிப் பட்டி போட்டு, மெதுவாக, மிக மெதுவாக அவரை வெளியே எடுத்தார்கள். ஒரு சப்பாத்து உள்ளே போய்விட்டது. அவரை ஸ்ரெச்சரில் கிடத்தியதும் அக்கா அந்த வெறுங்காலைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

பிறகு அவர்களில் ஒருவர் குழிக்குள் விளக்கை இறக்கினார். என்னையும் பலகையில் ஊர்ந்து வந்து பார்க்கச் சொன்னார். கல்லால் வட்டமாகக் கட்டிய கிணறு. கற்கள் சுத்தமாக, ஒன்றோடொன்று நெருங்கி, நேற்றுக் கட்டியவைபோல இருந்தன. வெளிச்சம் போய்த் தொட்ட அடியில் கறுப்புத் தண்ணீர். அந்த வீட்டுக்காரரின் கிணறு. வீடு எரிந்த பிறகு யாரோ மரப்பலகைகளைப் போட்டு மேலே மண் கொட்டி மூடியிருக்கிறார்கள். பலகை உக்கிப்போய், வெறும் மண்ணும் லைலாக் வேரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இவ்வளவு காலம் கூரையாக நின்றிருக்கிறது. லைலாக்கை வெட்டியதும் வேர்கள் உக்கத் தொடங்கின. கீழே மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, எங்கள் குழாயின் மூட்டு இழுபட்டுக் கழன்றது. குளத்துத் தண்ணீர் மிச்ச மண்ணையும் கரைத்தது.

அந்த இயந்திரம் போன வாய்க்கால் கிணற்றின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. நான் நுனிக்காலால் நடந்தபோது நின்றது கிணற்றுக்கு நேர்மேலே.

நானாவின் தோள் மூட்டு விலகியிருந்தது, முன்பே கெட்ட தோள். கம்பி அறுத்த கையில் இரண்டு விரல்கள் இன்று வரை மடங்காது. வேறு பெரிய காயம் இல்லை. ஆஸ்பத்திரியில் என் கணவரைக் கண்டதும் அவர் முதலில் கேட்டது, “மத்தக் கண்டுகளுக்குத் தண்ணி விட்டீங்களா?” என்று. கணவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. வெளியே வந்து நடைபாதைச் சுவரோடு சாய்ந்துகொண்டு அழுதார்.

கிணற்றைச் சட்டப்படி மூட அனுமதி பெற்ற ஆட்கள் வந்து, சரளைக்கல்லும் களியும் போட்டு நிரப்பினார்கள். வண்டி வண்டியாகக் கொட்டியும் நிரம்பாமல் போய்க்கொண்டே இருந்தது. குழாயைத் தோண்டி எடுத்து, வேலியோரமாகச் சுற்றி, நிலத்துக்கு மேலாலேயே கொண்டுபோனோம். கோடைக்கு நடுவில் கன்றுகளுக்குத் தண்ணீர் போனது. முள் நின்றது. யாரும் வட்டிலப்பம் செய்யவில்லை.

வேலை முடிந்த கிழமை பக்கத்துக் காணி விவசாயி மறுபடியும் வந்தார். நானாவின் கையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அங்கே கிணறு இருந்ததாகச் சின்ன வயதில் கேள்விப்பட்டிருந்தாராம். நிரப்பியிருப்பார்கள் என்று நினைத்தாராம். அன்றைக்கு அதைச் சொல்லத்தான் வந்ததாகவும், தெரியாததைச் சொல்லிப் புது ஆட்களைப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். நானா அவரைக் கோபிக்கவில்லை. தேநீர் குடிக்க வரச் சொன்னார்.

படியில் ஏறும்போது அந்த மனிதர் நின்று திரும்பித் தோட்டத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் இங்கே மாடும் குதிரையும் வைத்திருந்தார்கள், அப்படியான காணியில் வழக்கமாக இரண்டு கிணறு இருக்கும் என்றார். வீட்டுக்கு ஒன்று, மாட்டுக் கொட்டிலுக்கு ஒன்று. கொட்டில் எங்கே இருந்தது என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்றார்.

அந்த இரண்டாவது கிணற்றை நாங்கள் தேடினோம். ஒரு நிறுவனம் கருவியொன்றை நிலத்தின் மேல் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தது. சில இடங்களில் ஏதோ இருக்கலாம் என்றார்கள், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். அந்த இடங்களில் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். கல்தான் தட்டியது. அதோடு விட்டாயிற்று.

எனக்குப் பிறகு வேறொரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நானா தோட்டத்தை விற்கவில்லை. மரங்கள் இப்போது காய்க்கின்றன. பேரப்பிள்ளைகள் வந்தால் அக்கா அவர்களை வாசல் மேடையை விட்டு இறங்க விடமாட்டாள். பழத்தை நானாதான் பறித்துக்கொண்டு வருவார், கெட்ட கையில் கூடையை மாட்டிக்கொண்டு. அவர் வரிசைக்குள் மறைந்தால், திரும்பித் தலை தெரியும்வரை அவள் யன்னலை விட்டு அசைவதில்லை.